டிராக்கில் ஓட்டும் காரில் இன்ஜின் பேரிங் போகும் முன்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

"பேரிங் அடிச்சுருச்சு" என்று வரும் கார்களில் பெரும்பாலானவை சத்தம் கேட்ட பிறகு வருபவை. (பேரிங் என்பது ஷெல் எனப்படும் அரைவட்டத் தகடுகள். கிராங்க் தண்டை பிளாக்கில் தாங்குவது மெயின் பேரிங், பிஸ்டனின் ராடை கிராங்க்கோடு சேர்ப்பது ராட் பேரிங்.) அப்போது செய்வதற்கு அதிகம் இல்லை, இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் சத்தத்துக்கு வெகு முன்பே வளைவுகளில் ஆயில் பிரஷர் விழுந்திருக்கும். ஃபில்டரில் மினுமினுப்பு சேர்ந்திருக்கும். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடித்திருக்கும். பார்த்திருக்கத்தான் ஆள் இல்லை.

உங்கள் காரில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போய்ப் படியுங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் காசில்லாத சோதனை முதலில் வரும், இன்ஜினைப் பிரிக்கும் வேலை கடைசியில் வரும்.

அதற்கு முன் கேஜ் பற்றி ஒன்று. டேஷ்போர்டில் இருக்கும் ஆயில் பிரஷர் முள்ளை நம்பாதீர்கள். பல கார்களில் அது வெறும் ஒரு ஸ்விட்ச் சொல்வதைக் கேட்டு நடுவில் நிற்கும் பொம்மை. சிவப்பு விளக்கும் சுமார் 0.3 முதல் 0.5 பார் வரை பிரஷர் இறங்கினால்தான் எரியும். ஐடிலில் அது போதும், 6000 ஆர்பிஎம்மில் அது இறுதிச் சடங்கு அறிவிப்பு. ஃபில்டருக்குப் பிறகு, மெயின் கேலரியில் (பேரிங்குகளுக்கு ஆயில் போகும் முக்கிய வழியில்), ஒரு நல்ல சென்சார் போடுங்கள். 3000 ஆர்பிஎம்முக்கு மேல் பிரஷர் 2 பாருக்குக் கீழே போனால் கண்ணில் குத்துகிற மாதிரி எரியும் பெரிய விளக்கு ஒன்றும் வையுங்கள். டேட்டா லாகர் இருந்தால் இன்னும் நல்லது. வளைவில் ஓட்டுகிறவருக்கு முள்ளைப் பார்க்க நேரம் இருக்காது.

## சிவப்பு விளக்கு எரிகிறது, கார் ஓடிக்கொண்டிருக்கிறது

கிளட்ச்சை மிதியுங்கள், ஆக்ஸிலரேட்டரை விடுங்கள், மற்ற கார்களின் வழியை விட்டு ஒதுங்கிக்கொண்டே இன்ஜினை அணையுங்கள். ஸ்டீயரிங் லாக் ஆகும் நிலைக்குச் சாவி போய்விடக் கூடாது. பிரேக்குக்கு ஓரிரு மிதிக்கான வேக்குவம் மிச்சம் இருக்கும், ஸ்டீயரிங் கனக்கும். பிட் வரைக்கும் மெதுவாக உருட்டி வந்துவிடலாம் என்ற ஆசை வேண்டாம். ஷெல் மட்டும் போயிருக்க வேண்டிய இடத்தில் கிராங்க்கும் சேர்ந்து போவது பெரும்பாலும் அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டரில்தான். இழுத்து வரச் சொல்லுங்கள்.

வளைவில் மின்னிவிட்டு அணைந்துபோனாலும் அன்றைய ஓட்டம் முடிந்தது. அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

## நேரில் பிரஷர் சரி, வளைவில் அல்லது பிரேக் பிடிக்கும்போது விழுகிறது

டிராக்கில் பேரிங் போவதற்கு முதல் காரணம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று போகலாம். வளைவில் ஆயில், சம்ப்பின் (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியின்) ஒரு பக்கம் ஏறிக்கொள்கிறது, உறிஞ்சும் பிக்கப் குழாய் காற்றைக் குடிக்கிறது. பக்கவாட்டு விசை 1 ஜி ஆகும்போது சம்ப்பில் உள்ள ஆயிலின் மட்டம் 45 டிகிரி சாய்ந்துவிடும். நல்ல ஒட்டும் டயர் போட்ட சாதாரணக் காரே இந்த அளவைத் தொடும்.

லாகில், அதாவது டேட்டா லாகர் பதிவில், எங்கே பார்ப்பது? வளைவுக்குள் நுழையும் இடத்தில் மட்டும் தேடாதீர்கள். நீண்ட வளைவில் ஆயில் தீர்ந்து, பிரஷர் சரியும் இடம் பெரும்பாலும் வளைவின் பின்பாதியாக இருக்கும். மோசம் என்னவென்றால், ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிப்பதும் அங்கேதான். ஆயில் இல்லாத நேரமும் பேரிங் மேல் சுமை ஏறும் நேரமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. வினாடிக்கு 10 தடவையாவது பதிவு செய்யும் லாகர் வேண்டும். அதைவிட மெதுவானது அரை வினாடிப் பள்ளத்தை வழித்துச் சமப்படுத்திக் காட்டிவிடும்.

ஆயில் அளவு. சமதளத்தில் நிறுத்தி, சில நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். டிராக்கில் இதை ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் செய்ய வேண்டும். உச்ச ஆர்பிஎம்மில் தொடர்ந்து ஓடினால், தெருவில் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத இன்ஜினும் ஆயில் குடிக்கும். வளைவில் பிரீதர் (இன்ஜின் உள்காற்று வெளியேறும் குழாய்) வழியாகவும் ஆயில் வெளியேறும், அதைப் பிடிக்கும் கேட்ச் கேன் இருந்தால் திறந்து பாருங்கள். அளவு எப்போதும் மேல் கோட்டில் நிற்கட்டும்.

மேல் கோட்டுக்கு மேலே அரை லிட்டர் ஊற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. பல இன்ஜின்களில் அது உதவவும் செய்கிறது. ஆனால் அதற்கும் மேலே போனால் கிராங்க் ஆயிலில் அடித்து நுரையாக்கும். நுரை பிக்கப்பில் ஏறினால் மறுபடியும் அதே காற்றுதான். அதிகம் ஊற்றிய பிறகு நேர்ப்பாதையிலும் பிரஷர் நடுங்க ஆரம்பித்தால் அளவைக் குறையுங்கள்.

டயர் மாற்றினீர்களா? முந்தைய டயரில் பிரச்சினை இல்லாத காரில் ஸ்லிக் (வரிப்பள்ளம் இல்லாத ரேஸ் டயர்) போட்டவுடன் பிரஷர் விழுந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். 1.3 ஜி என்றால் ஆயில் மட்டம் 50 டிகிரியைத் தாண்டிச் சாய்கிறது. சம்ப்பைச் சரிசெய்யும் வரை பழைய டயரையே போட்டு ஓட்டுங்கள். காசில்லாத தீர்வு இதுதான், யாருக்கும் பிடிக்காத தீர்வும் இதுதான்.

எந்தப் பக்க வளைவு? இடது வளைவில் விழுந்து வலதில் விழாவிட்டால், அல்லது பிரேக்கில் மட்டும் விழுந்தால், பிக்கப் சம்ப்பின் எந்த மூலையில் இருக்கிறது என்பதோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் சம்ப்புக்குள் பாஃபிள் (தடுப்பு) போட்டாலே சரியாகும். இரண்டு பக்கமும் விழுந்தால், அதுவும் உச்ச ஆர்பிஎம்மில் நீண்ட நேரம் ஓடிய பிறகு விழுந்தால், ஆயில் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டிலேயே தங்கிவிடுகிறது, கீழே இறங்கவில்லை. ஹெட்டிலிருந்து இறங்கும் துளைகளில் கசடு அடைத்திருக்கிறதா, பிரீதர் வழிகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

பாஃபிள் சம்ப். பிக்கப்பைச் சுற்றி அறை கட்டி, ஆயில் உள்ளே வரும்படியும் வெளியே போகாதபடியும் ஒருவழிக் கதவு வைத்த சம்ப். செலவுக்கு இதைவிடப் பலன் தரும் வேலை இந்தப் பட்டியலில் கிடையாது. கிராங்க்குக்குக் கீழே விண்டேஜ் ட்ரேயும் (சுழலும் கிராங்க்கையும் ஆயிலையும் பிரிக்கும் தட்டு) சேர்த்தால் நுரை குறையும். சம்ப்பைக் கழற்றும்போது பிக்கப்புக்கும் சம்ப் தரைக்கும் உள்ள இடைவெளி மாறாமல் பாருங்கள். தரையில் இடிபட்டு உள்வாங்கிய சம்ப், பிக்கப்பின் வாயை அடைக்கும்.

ஆயில் அக்யூமுலேட்டர். பிரஷர் விழும் சில வினாடிகளுக்குச் சேமித்த ஆயிலைத் தள்ளும் உருளை. நல்லதுதான், ஆனால் நோய்க்கு மருந்தல்ல. நீண்ட வளைவில் அது காலியாகிவிடும், மறுபடி நிரம்பும்போது பம்ப்பின் ஆயிலில் பங்கு கேட்கும். பாஃபிளுக்குத் துணையாக மட்டும் போடுங்கள்.

எப்போது விட்டுக்கொடுப்பது: பாஃபிள், சரியான ஆயில் அளவு, சரியான ஆயில் மூன்றும் இருந்தும் லாகில் பள்ளம் தெரிந்தால் அடுத்தது டிரை சம்ப் (ஆயிலைச் சம்ப்பில் விடாமல் தனி டேங்க்கில் வைக்கும் அமைப்பு). பம்ப், டேங்க், குழாய் வழி எல்லாம் கணக்குப் பார்த்துப் போட வேண்டியவை, ரேஸ் இன்ஜின் கட்டும் ஆளிடம் விடுங்கள். போர்ஷ 944-இல் இரண்டாம் ராட் பேரிங் இப்படிப் போவது அந்தக் காரை டிராக்கில் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அறிந்த கதை. உங்கள் இன்ஜினுக்கும் அப்படி ஒரு பலவீன சிலிண்டர் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

## முதல் சில சுற்றில் சரி, சூடு ஏற ஏற பிரஷர் இறங்குகிறது

முதலில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது தெரிய வேண்டும். சூடான இன்ஜினில் ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் சுமார் 0.7 பார் என்பது பழைய கணக்கு. கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் பம்ப் உள்ள புது இன்ஜின்களுக்கு இது பொருந்தாது, அங்கே தயாரிப்பாளர் தரும் எண்தான் கணக்கு.

ஆயில் டெம்பரேச்சரைப் பாருங்கள். தண்ணீர் டெம்பரேச்சர் வேறு, ஆயில் வேறு. தண்ணீர் 90-ஐத் தொட்டு நிற்கும்போது ஆயில் 140-இல் இருக்கலாம். 100 முதல் 120 டிகிரி வரை நிம்மதி. 130-ஐத் தாண்டினால் ஒரு சுற்று மெதுவாக ஓட்டுங்கள். 140 என்றால் உள்ளே வந்துவிடுங்கள்.

- சூடு அதிகம் என்றால்: ஆயில் கூலரின் துடுப்புகளில் ரப்பர் துணுக்கும் புல்லும் அடைத்திருக்கிறதா? காற்று அதன் வழியே போகிறதா, சுற்றிக்கொண்டு போகிறதா? கூலரே இல்லையென்றால் தெர்மோஸ்டாட் உள்ளது ஒன்று போடுங்கள். குழாய் உள்விட்டம் சின்னதாக இருந்தால் கூலர் சூட்டைக் குறைத்து, பிரஷரையும் சேர்த்துக் குறைக்கும்.

- சூடு சரி, பிரஷர் மட்டும் குறைவு என்றால்: ஆயில் நீர்த்திருக்கலாம். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், அல்லது குறைய வேண்டிய ஆயில் அளவு ஏறியிருந்தால், பெட்ரோல் கலக்கிறது. குளிர்ந்த இன்ஜினில் குறுகிய தூரம் ஓட்டுவது, மிக்ஸ்சர் ரிச்சாக ஓடுவது, ஒழுகும் இன்ஜெக்டர் என்ற வரிசையில் தேடுங்கள். ஆயிலை உடனே மாற்றுங்கள், கலந்த ஆயிலில் டிராக்குக்குப் போகாதீர்கள்.

- வாடை இல்லை என்றால்: ஊற்றியிருப்பது இந்தச் சூட்டுக்கு மெல்லிய ஆயில். 150 டிகிரியில் அளக்கும் எச்.டி.எச்.எஸ். எண்ணை (சூட்டிலும் வேகத்திலும் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதை) பாருங்கள். 5டபிள்யூ-30 குறைந்தது 2.9 காட்ட வேண்டும், 5டபிள்யூ-40 குறைந்தது 3.5. ஒரு படி ஏறுவது பெரும்பாலான கார்களில் நியாயம். இரண்டு மூன்று படி ஏறுவதற்கு முன் இன்ஜினின் பேரிங் இடைவெளி என்ன என்று கேளுங்கள். இறுக்கமான இடைவெளியில் கெட்டியான ஆயில் குளிரில் உள்ளே போகவே தயங்கும். பிஎம்டபிள்யூவின் எஸ்65, எஸ்85 இன்ஜின்களின் ராட் பேரிங் பற்றி நடக்கும் ஓயாத வாதம் இதைச் சுற்றித்தான்.

கேஜில் எண் ஏறினால் பேரிங் தப்பித்தது என்று அர்த்தமில்லை. கெட்டியான ஆயில் எங்கும் அதிகப் பிரஷர் காட்டும். சத்தம் போடும் இன்ஜினில் கெட்டி ஆயிலும் டப்பா மருந்தும் ஊற்றி விற்றுவிடும் வித்தை ஊரறிந்தது.

## ஐடிலிலும், நேரிலும், எல்லா இடத்திலும் பிரஷர் குறைவு

1. கேஜே பொய் சொல்கிறதா? இன்னொரு மெக்கானிக்கல் கேஜை நேராக மாட்டிப் பாருங்கள். சென்சார் கெட்டு இன்ஜினைப் பிரித்தவர்கள் இருக்கிறார்கள்.

2. ஃபில்டர். மலிவான ஃபில்டரில் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வு பிடிக்காது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஓரிரு வினாடி கடகடத்து அடங்குவது இதனால் இருக்கலாம்.

3. பிக்கப் குழாய் காற்றை இழுக்கிறதா? இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. கார் நின்றபடியே ஒரு லிட்டர் ஆயில் அதிகமாக ஊற்றி, ஐடிலில் மட்டும் பிரஷரைப் பாருங்கள். ஏறினால் விரிசலோ கெட்ட ஓ-ரிங்கோ ஆயிலுக்குள் மூழ்கிவிட்டது என்று பொருள், தப்பு அங்கேதான். சுபாருவின் இஜே வகை இன்ஜின்களில் பிக்கப் குழாய் விரிசல் விடுவது பேர்போனது. சோதனை முடிந்ததும் அந்த ஒரு லிட்டரை வடித்துவிடுங்கள்.

4. ரிலீஃப் வால்வு (பிரஷர் அளவு மீறினால் திறந்து விடும் வால்வு). சின்னத் துணுக்கு சிக்கினால் திறந்தபடியே நின்றுவிடும். சில இன்ஜின்களில் வெளியிலிருந்தே கழற்றிச் சுத்தம் செய்யலாம்.

5. பம்ப் தேய்ந்திருக்கிறது, அல்லது பேரிங் இடைவெளியே பெருத்துவிட்டது. சம்ப்பை இறக்காமல் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. சம்ப் இறக்கிப் பழக்கமில்லை என்றால் இங்கே நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள்.

## ஆயில் மாற்றும்போது மினுமினுப்பு தெரிகிறது

ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். ரம்பத்தால் அறுக்காதீர்கள், இரும்புத்தூள் விழுந்து நீங்களே ஏமாறுவீர்கள். ஃபில்டர் வெட்டும் கருவி விலை அதிகமில்லை. மடிப்புக் காகிதத்தை வெட்டியெடுத்து, வைஸில் வைத்துப் பிழிந்து, வெயிலில் விரித்துப் பாருங்கள். பக்கத்தில் ஒரு காந்தம் வேண்டும்.

- காந்தத்தில் ஒட்டுகிறது: இரும்பு. கேம், செயின், பம்ப், ரிங் என்று வேறு இடம் தேடுங்கள்.
- ஒட்டவில்லை, வெள்ளி நிறத்தில் மெல்லிய செதில்: பேரிங்கின் மேல்பூச்சாக இருக்கலாம், அலுமினியப் பிஸ்டனாகவும் இருக்கலாம். அடுத்த செஷன் வேண்டாம். ஆயில் சாம்பிளை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஈயம், தகரம், செம்பு மூன்றும் சேர்ந்து ஏறினால் பேரிங்தான். சில ஷெல்கள் அலுமினிய வகை, அவற்றில் ஈயத்தை எதிர்பார்க்க வேண்டாம்.
- செம்பு நிறம்: பூச்சு போய் அடி அடுக்கு தேய்கிறது. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். சம்ப்பை இறக்குங்கள்.
- பால் கலந்த காபி நிறத்தில் ஆயில்: கூலன்ட் கலந்திருக்கிறது. பேரிங்குக்கு இது ஆயில் இல்லாததற்குச் சமம். ஹெட் கேஸ்கெட்டும் ஆயில் கூலரும் சோதனையில் தேறும் வரை ஓட்ட வேண்டாம்.

ஓவர்ஹால் முடிந்த இன்ஜினின் முதல் ஃபில்டரில் கொஞ்சம் தூள் வரத்தான் செய்யும். இரண்டாவதில் வரக் கூடாது.

## அடியிலிருந்து டொக் டொக் என்ற சத்தம்

எல்லா டொக்கும் ராட் பேரிங் அல்ல. பிரிப்பதற்கு முன் தள்ளுபடி செய்யக்கூடியவற்றைத் தள்ளுங்கள்.

குளிரில் இருந்து, சூடானதும் மறைகிறதா? பிஸ்டன் ஆட்டமாகவோ எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கசிவாகவோ இருக்கலாம். மேலே, கிராங்க்கின் பாதி வேகத்தில் டிக் டிக் என்று வருகிறதா? வால்வு பக்கம் பாருங்கள். சுமை ஏற்றும்போது மட்டும் சில்லறை குலுங்குவது போல வருகிறதா? அது டெட்டொனேஷன் (சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை சீராக எரியாமல் வெடிப்பது). பெட்ரோல் தரத்தையும் டைமிங்கையும் பாருங்கள். அதை விட்டுவைத்தால் பேரிங்கும் அதனாலேயே போகும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் இன்ஜினை கியர்பாக்ஸோடு இணைக்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டில் விரிசல் இருக்கிறதா, அதன் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் இன்ஜினைத் தொடாதீர்கள்.

இவை எதுவும் இல்லை, சூடானதும் சத்தம் கூடுகிறது, 2000 முதல் 3000 ஆர்பிஎம்மில் ஆக்ஸிலரேட்டரை விடும் கணத்தில் தெளிவாகக் கேட்கிறது என்றால் ராட் பேரிங் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உறுதி செய்ய, ஐடிலில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டரையும் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எந்தச் சிலிண்டரைத் துண்டிக்கும்போது சத்தம் தணிகிறதோ அதுதான். காயிலைக் கழற்றினால் எரியாத பெட்ரோல் ஆயிலிலும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரிலும் போய்ச் சேரும், அதனால் இன்ஜெக்டர். இதெல்லாம் ஒரு நிமிட வேலை, ரேஸ் பண்ணாதீர்கள்.

எந்தச் சிலிண்டரைத் துண்டித்தாலும் மாறாத, சுமையில் கனமாக இடிக்கும் சத்தம் மெயின் பேரிங்காக இருக்கலாம். இரண்டிலும் அடுத்த வேலை இழுவை வண்டியும் இன்ஜின் கடையும்தான்.

## கிளட்ச்சை மிதித்தால் சத்தம் மாறுகிறது அல்லது ஐடில் இறங்குகிறது

கிராங்க் முன்னும் பின்னும் நகர்வதைத் தடுக்கும் த்ரஸ்ட் பேரிங்கைச் சந்தேகியுங்கள். கிராங்க் புல்லியில் டயல் கேஜ் வைத்து, ஒருவரைக் கிளட்ச் மிதிக்கச் சொல்லி ஆட்டத்தை அளக்கலாம். பல கார்களில் 0.3 மி.மீ. வரைதான் அனுமதி, உங்கள் இன்ஜினின் எண்ணைப் பாருங்கள். அளவுக்குமேல் கனமான பிரஷர் பிளேட்டும், கிளட்ச் மேல் காலை வைத்தே ஓட்டுவதும் வழக்கமான காரணங்கள். அளவு தாண்டியிருந்தால் ஓட்டாதீர்கள், பிளாக்கே கெட்டுவிடும்.

## தப்பான கியர் விழுந்து ஆர்பிஎம் சிவப்புக் கோட்டைத் தாண்டியது

நான்காவதுக்குப் பதில் இரண்டாவது விழுந்தால் லிமிட்டர் காப்பாற்றாது, சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது. அந்த வேகத்தில் ராட் போல்ட் நீளும், கீழ் ஷெல் அடிபடும். அன்று ஒன்றும் ஆகாமல் வீடு வந்து, அடுத்த முறை டிராக்கில் ராட் வெளியே வந்த கதைகள் இதில் உண்டு.

கம்ப்ரஷன் அல்லது லீக்டவுன் சோதனை வால்வு வளைந்ததைச் சொல்லும், பேரிங்கைச் சொல்லாது. ஃபில்டரை அன்றே வெட்டுங்கள். கொஞ்சமாகத் தாண்டி ஃபில்டர் சுத்தமாக இருந்தால், தெருவில் மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டி மறுபடி வெட்டுங்கள். நிறையத் தாண்டியிருந்தால் சம்ப்பை இறக்கி ராட் போல்ட்டின் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள்.

## புது பேரிங் போட்டும் மறுபடி போகிறது

கழற்றிய ஷெல்களைத் தூக்கி எறியாதீர்கள். சிலிண்டர் எண்ணும் மேல், கீழும் எழுதி வரிசையாக வையுங்கள். காரணம் அவற்றிலேயே இருக்கும்.

மேல் ஷெல் மட்டும் அடி வாங்கியிருந்தால் டெட்டொனேஷன், அல்லது உயர் கியரில் குறைந்த ஆர்பிஎம்மில் முழுசாக மிதித்தது. கீழ் ஷெல் மட்டும் என்றால் உச்ச ஆர்பிஎம். எல்லா ஷெல்லிலும் ஒரே மாதிரி மேல்பூச்சு போயிருந்தால் ஆயில் வரத்தில் குறை. ஒரே ஒரு சிலிண்டர் என்றால் அதன் ஆயில் துளை அடைப்பு, அல்லது அந்த ராட் வளைவு. ஓரங்கள் மட்டும் தேய்ந்திருந்தாலும் ராடைப் பாருங்கள். நீள நீளமாகக் கீறல் என்றால் அழுக்கு.

அழுக்குதான் மறுபடி மறுபடி வருவதற்கு முதல் காரணம், அது ஒளிந்திருக்கும் இடம் ஆயில் கூலர். ஒரு தடவை பேரிங் போன இன்ஜினின் கூலரைக் கழுவிப் பயனில்லை, புதுசு போடுங்கள். ஆயில் அக்யூமுலேட்டர் இருந்தால் அதையும் பிரித்துக் கழுவுங்கள். பிளாக்கின் கேலரி பிளக்குகளைக் கழற்றி பிரஷ் விட வேண்டும், கிராங்க்கின் உள் துளைகளையும் அப்படியே.

அடுத்து அளவு. ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் கிராங்க் பகுதி) விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி என்பது தோராயக் கணக்கு: 50 மி.மீ. ஜர்னலுக்கு 0.05 மி.மீ. பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தை வைத்து இடைவெளி காட்டும் மெல்லிய இழை) வைத்துப் பார்க்கலாம், வைத்த பிறகு கிராங்க்கைச் சுற்றக் கூடாது. ஜர்னலில் நகம் தட்டும் கீறல் இருந்தால் கிராங்க் கிரைண்டிங், அதற்கேற்ற அண்டர்சைஸ் ஷெல். இது இன்ஜின் மெஷின் ஷாப் வேலை, வீட்டில் எமரித்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை அல்ல. நீளும் வகை ராட் போல்ட்களை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

அழகுக்காக டேம்பர் இல்லாத லேசான கிராங்க் புல்லி போட்டிருந்தால் அதையும் கழற்றுங்கள். கிராங்க் முறுக்கி அதிர்வதைத் தாங்க வேண்டியது பிறகு பேரிங்கும் ஆயில் பம்ப்பும்தான்.

எல்லாம் பூட்டிய பிறகு, ஷெல்களில் அசெம்பிளி லூப் தடவி, ஃபில்டரில் ஆயில் ஊற்றி, இன்ஜெக்டரையும் காயிலையும் துண்டித்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஒரே மூச்சில் நீளமாகச் சுற்றாமல், ஸ்டார்ட்டருக்கு ஓய்வு கொடுத்துக் கொடுத்துச் சுற்றுங்கள். கேஜில் பிரஷர் ஏறாதவரை இன்ஜினைப் பற்றவைக்காதீர்கள். ஏறவே இல்லையென்றால் பம்ப் காற்றில் நிற்கிறது. பிக்கப்பின் ஓ-ரிங்கை மறுபடி பாருங்கள்.